"சும்மா நாடகம்தான் மாமா" என்றாயே!

அன்பு மகனுக்கு,

காலையில்தான் போனில் பேசினோம். நீ நலம், நாங்களும் நலம், இட்லிக்கு என்ன சட்னி என்பது வரைக்கும் இரண்டு பக்கமும் தெரியும். அதையெல்லாம் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். என்றைக்கும் இல்லாத திருநாளாக அம்மா பக்கம் பக்கமாக எழுதுகிறாளே, என்ன ஆயிற்று இவளுக்கு என்று பதறாதே. பிரஷர் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. போனில் உன்னோடு பேசி ஜெயிக்க முடியாது என்பதால்தான் பேனாவை எடுத்தேன். நீ குரலை வைத்துப் பிழைக்கிற ஆள். நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் நீ அதைச் சிரிப்பாக்கி, பாட்டாக்கி, அப்பா குரலிலேயே அதற்குப் பதிலும் சொல்லி முடித்துவிடுகிறாய். போனை வைத்த பிறகுதான், சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை என்று எனக்கு உறைக்கும். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நேற்று பூசையில் உனக்கு முதல் ஓலை வாசித்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவிக்கிற அதே ஓலைதான். எத்தனை பேருடைய ஓலையைக் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்டிருக்கிறேன்! உன் பெயர் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். உன் அப்பா, தான் இன்னமும் பஸ்ஸின் டிரைவர் சீட்டில் இருப்பதாக நினைப்பு, கூட்டத்தை முன்னும் பின்னும் ஒரு பார்வை பார்த்தார். யாராவது வாயைத் திறந்து பாருங்கள் என்கிற பார்வை. யாரும் திறக்கவில்லை. எனக்குத்தான் எழுந்து நின்று தடை சொல்ல வேண்டும் போல இருந்தது. கல்யாணத்துக்கு இல்லையப்பா. ஜெனிட்டா தங்கமான பிள்ளை. போன வியாழக்கிழமை நீ அவள் அப்பாவிடம் சொன்னாயே ஒரு "சரி", அந்தச் சரிக்குத் தடை சொல்லத்தான்.

வியாழக்கிழமை நாம் எல்லோரும் ஒன்றாக வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். மண்டபம், சாப்பாடு, காருக்குப் பூ என்று போய்க்கொண்டிருந்த பேச்சில் உன் மாமா, அதான் ஜெனிட்டாவின் அப்பா, திடீரென்று சொன்னார், "கல்யாணம் முடிஞ்ச கையோட நம்ம ஆபீஸ்லயே வந்து உக்காந்துருங்க மாப்ள. ஹார்பர் வேலை. ஒரு நாற்காலி காலியாத்தான் கெடக்கு." நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கண்டிப்பா மாமா. நானே கேக்கலாம்னு இருந்தேன். வந்துடறேன்" என்றாய். முகம் நிறையச் சிரிப்பு. அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் காதில் குத்தியது. ஏலே, பாளையங்கோட்டையில் பிறந்த பிள்ளை நீ. பாண்டிச்சேரியில் போய் இத்தனை வருஷம் இருந்த பிறகும் உன் வாயில் "வந்துருதேன்" என்றுதான் வரும். "வந்துடறேன்" என்று வந்தால் நீ வேஷம் கட்டிவிட்டாய் என்று அர்த்தம். சின்ன வயதில் கிறிஸ்துமஸ் கேக்கில் பாதியைக் காணோம் என்று நான் கேட்டபோது, டிவியில் செய்தி வாசிப்பவர் மாதிரி நிமிர்ந்து நின்று "எனக்குத் தெரியாது அம்மா" என்று சுத்தத் தமிழில் சொன்னவன் நீ. வாயோரம் முந்திரி ஒட்டியிருந்தது.

அன்றைக்கே தனியாக உன்னைக் கூப்பிட்டு, அப்போ உன் நாடகக் குழு என்ன ஆகும் என்று கேட்டேன். "அது கெடக்கும்மா, லீவு நாள்ல பாத்துக்கிடலாம்" என்றாய். குழுவில் இருக்கிற பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாயா என்றேன். பேச்சை மாற்றிவிட்டாய். அதுதான் இந்தக் கடிதத்துக்கு விதை. நீ நாடகத்தை விடப் போகிறாய், அதுவும் சந்தோஷமாக விடுவது மாதிரி நடித்துக்கொண்டு விடப் போகிறாய் என்று எனக்குப் பட்டது. விடுவதற்கு முன்னால் நான் சொல்வதை ஒருமுறை கேட்டுவிடு.

முதன்முதலில் நீ இதைப் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? கல்லூரி முடித்த கையோடு குசினியில் வந்து நின்று, "அம்மா, நான் பாண்டிச்சேரிக்குப் போயி தியேட்டர் படிக்கப் போறேன்" என்றாய். ஊரில் மற்றவர்களுக்குத் தியேட்டர் என்றால் சினிமாக் கொட்டகை. முப்பது வருஷமாக ஆஸ்பத்திரியில் தியேட்டர் சிஸ்டராக நிற்கிற எனக்கு உலகத்தில் ஒரே தியேட்டர்தான், ஆபரேஷன் தியேட்டர். என் பிள்ளை என் வழியில் வருகிறான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் டியூட்டி ரூமில் எல்லோருக்கும் அல்வா கொடுத்தேன். தியேட்டர் டெக்னீஷியன் கோர்ஸ் என்று பெரிய டாக்டரம்மாவிடமே சொன்னேன். "ஏதும் லெட்டர் வேணும்னா எழுதித் தாரேன் சிஸ்டர்" என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். சந்தோஷத்தில் உனக்கு நல்லதாக ஒரு ஷூ வாங்கி வந்தேன்.

"எதுக்கும்மா ஷூ?"

"தியேட்டருக்குள்ள செருப்பு மாட்டிக்கிட்டு நாள் பூரா நிக்க முடியுமால?"

"அங்க வெறுங்காலோடதாம்மா நிக்கணும்."

"வெறுங்காலா! நோயாளிக்கு இன்ஃபெக்‌ஷன் ஆயிராதா?"

நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஏட்டி, அவன் நாடகம் படிக்கப் போறான், ஒனக்கு இன்னுமா வெளங்கல?" என்றார். அவருக்கு முன்பே தெரியும். அவர் பஸ் ஓட்டிய மாஞ்சோலை மலைப்பாதையில் கூடவே போய், ஒவ்வொரு வளைவிலும் நீ அவரிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வைத்திருக்கிறாய். எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. நீ படிக்கப் போவதில் வந்த கோபம் பாதிதான். கொடுத்த அல்வாவை எப்படித் திரும்ப வாங்குவது என்ற கோபம் மீதி. டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னபோது அவர்கள் கையுறையைக் கழற்றிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அங்கயும் விளக்கு மேல இருந்துதான் விழும் சிஸ்டர், போகட்டும் விடுங்க" என்றார்கள்.

முதல் லீவுக்கு நீ வந்ததும் எனக்கு இன்னொரு அதிர்ச்சி. காலையில் எழுந்து முன்னறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாய். தின்ற தட்டைக்கூட நகர்த்தி வைக்காத பிள்ளை! காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். உங்கள் ஒத்திகை தினமும் பெருக்குவதில்தான் தொடங்கும், யார் பெரிய வேஷம் யார் சின்ன வேஷம் என்பதெல்லாம் துடைப்பத்துக்குத் தெரியாது என்றாய். "இதுக்கு எம்.ஏ.வா? நானே வீட்ல சொல்லித் தந்திருப்பேன்லா" என்று கேலி செய்தேன். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், "பெருக்கினாத்தாம்மா அந்தத் தரையில எங்கன நிக்கணும்னு காலுக்குத் தெரியுது." அப்போது எனக்கு அது கிறுக்குப் பேச்சாகப் பட்டது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஆளே இல்லாத மாதிரி போனில் முகத்தைப் புதைத்துக்கொள்வாய். படிக்கப் போன பிறகு நுழைந்ததும் ஒரு நொடி நிற்கிறாய். யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு முகம் வாடியிருக்கிறது, எந்த நாற்காலி யாருக்கு வேண்டும் என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் உட்காருகிறாய். உன் சித்தி, "பாண்டிச்சேரி பையனைத் திருத்திட்டுக்கா" என்றாள்.

அதே லீவில்தான் என் வேலையைப் பற்றிக் கேட்டுக் கேட்டு என்னைத் துளைத்தாய். கரண்டி, கத்தி, கிண்ணம் என்று குசினியில் இருந்த சாமான் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, "நீங்க ஆபரேஷனுக்கு முன்னாடி அடுக்குத மாதிரி அடுக்குங்கம்மா" என்றாய். விளையாட்டாகத்தான் அடுக்கினேன். நீ தரையில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். இத்தனை வருஷத்தில் என் கையை யாரும் அப்படிப் பார்த்ததில்லையப்பா. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது. அப்புறம் கேட்டாய், மயக்க மருந்து கொடுக்கிறதுக்கு முன்னால் நோயாளியிடம் கடைசியாக என்ன சொல்வீர்கள் என்று. "பயப்படாதீங்க, கண்ண மூடிக்கிட்டு பைய மூச்சு விடுங்கன்னு சொல்லுவேன்" என்றேன். "அதச் சொல்லும்போது எங்க பாக்குதீங்க?" என்றாய். யோசித்தேன். டிரிப்பைப் பார்ப்பேன், மானிட்டரைப் பார்ப்பேன், கடிகாரத்தைப் பார்ப்பேன். "அவுக முகத்தப் பாத்துச் சொல்லிப் பாருங்களேன்" என்றாய், அவ்வளவுதான்.

நீ யார் எனக்குச் சொல்ல என்றுதான் முதலில் தோன்றியது. மறுநாள் சேரன்மகாதேவியிலிருந்து ஒரு அம்மா குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்தார்கள். பயத்தில் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார்கள். குனிந்து அவர்கள் கண்ணைப் பார்த்து, "பைய மூச்சு விடுங்க" என்றேன். கம்பியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மயக்க மருந்து டாக்டர், "என்ன சிஸ்டர், இன்னைக்கு எனக்கு வேலை பாதியாயிட்டு" என்றார். அன்றையிலிருந்து இன்று வரை முகத்தைப் பார்க்காமல் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. நீ நாடகம் படித்ததில் முதலில் லாபம் பார்த்தது நம் ஆஸ்பத்திரிதான். இதை நீ படிக்கும்போது உனக்குத் தலைக்கனம் ஏறும் என்று தெரிந்துதான் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தேன்.

படிப்பு முடிந்ததும் நீ சினிமாவுக்குப் போவாய், போஸ்டரில் உன் முகம் வரும் என்று நம் தெருவே எதிர்பார்த்தது. நீ என்ன செய்தாய்? பள்ளிக்கூட வாத்திமார்களுக்குத் தொண்டை வறளாமல் பேசச் சொல்லிக் கொடுத்தாய். யாரோ எடுத்த கார்ட்டூனுக்கு யானைக் குரல் கொடுத்தாய். ஆண்டுவிழாக்களுக்கு விளக்குக் கட்டினாய். அருங்காட்சியகத்தில் காதில் மாட்டிக் கேட்கிற கதை எழுதினாய். காது கேளாத பிள்ளைகளோடு கையாலும் முகத்தாலும் நாடகம் போட தூத்துக்குடிக்குப் போனாய், போன இடத்தில் அந்தப் பிள்ளைகளின் டீச்சர் ஜெனிட்டாவையே பிடித்துக்கொண்டாய். இதற்கு நடுவில் உன் குழுவோடு நாடகங்கள். எனக்கு ஆரம்பத்தில் இது ஒரு வேலையாகவே தெரியவில்லை, ஒன்பது வேலையாகத் தெரிந்தது. ஒன்றை முழுசாகப் பிடித்தால் என்ன என்று திட்டியிருக்கிறேன். பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது, எல்லாம் ஒரே வேலைதான். எங்கே போனாலும் நீ முதலில் பார்க்கிறாய், கேட்கிறாய், அப்புறம் அங்கே இருக்கிறவர்களை வைத்தே ஒன்றை உண்டாக்குகிறாய். அது உன் படிப்பு உனக்குக் கொடுத்தது. வேறு எந்தப் படிப்பிலும் உன்னை அப்படி உட்கார்ந்து பார்க்க வைத்திருக்க மாட்டார்கள்.

சென்னையில் ஒரு தடவை உன் நாடகம் பார்க்க வந்தேனே, மேடையில் இருந்த ஆட்களைவிட கீழே இருந்தவர்கள் குறைவு. மழை வேறு. இதற்கா இத்தனை தூரம் ரயிலில் வந்தோம் என்று எனக்கு உன் மேல் பரிதாபமாகப் போய்விட்டது. முடிந்து வெளியே வந்தவன் முகமெல்லாம் வேர்வையோடு, "அம்மா, இன்னைக்குத்தான் கரெக்டா வந்துது!" என்று குதித்தாய். பரிதாபப்பட்டதற்கு நானே வெட்கப்பட்டுக்கொண்டேன்.

எல்லாவற்றையும்விட மணிமுத்தாறு நாடகம். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை மூடி, அங்கே இருந்த ஜனங்கள் மலையை விட்டு இறங்கிய பிறகு, அவர்கள் சொன்ன கதைகளை வைத்தே நீங்கள் செய்தது. அணைக்குக் கீழே மைதானத்தில், சாயங்கால வெயிலில் தொடங்கினீர்கள். பாதிக்கு மேல் பார்க்க வந்தவர்கள் அந்த ஜனங்கள்தான். முன் வரிசையில் நானும் அப்பாவும். ஒரு காட்சியில் மலைப்பாதை பஸ். பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, உன் நண்பன் ஒருவன் டிரைவராக உட்கார்ந்து ஸ்டீரிங்கைச் சுற்றுகிறான். நன்றாகத்தான் சுற்றினான். திடீரென்று என் பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.

"ஏலே, ஏலே! அந்தத் திருப்பத்துல கியர மாத்துனா வண்டி பள்ளத்துலதான் கெடக்கும்!"

உன் அப்பா எழுந்து நிற்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் வேட்டியைப் பிடித்து இழுக்கிறேன், உட்காரவே மாட்டேன் என்கிறார். இருபது வருஷம் அந்தப் பாதையில் பஸ் ஓட்டியவருக்குப் பொறுக்கவில்லை. அதற்குள் பின்னாலிருந்து ஒரு அம்மா, "அண்ணாச்சி, நீரு மட்டும் என்ன, அதே திருப்பத்துலதான எங்களக் குலுக்கி எடுப்பீரு! எம் புள்ள எத்தன தடவ வாந்தி எடுத்துருக்கான்!" என்கிறார். கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது. நாடகம் நின்றுபோனது. பிள்ளை எத்தனை மாசம் பாடுபட்டது, இந்த மனுஷன் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீ ஓரத்திலிருந்து வந்தாய். கோபப்படுவாய் என்றுதான் நினைத்தேன். வந்து அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டு, "டிரைவர் வந்துட்டாரு, வண்டிய எடுக்கலாமா?" என்றாய். உன் நண்பனும் சிரித்துக்கொண்டே எழுந்து இடம் விட்டான். அப்பா கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் போய் உட்கார்ந்தார். அப்புறம் நீ ஜனங்களைப் பார்த்து, "ஏறுதவங்க ஏறிக்கிடுங்க, கடைசி வண்டி" என்றாய். ஒருவர் ஏறினார், இன்னொருவர் ஏறினார். வாந்தி எடுத்த பிள்ளையின் அம்மா ஏறினார். பெஞ்சு போதாமல் நின்றார்கள், கம்பியே இல்லாத இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பா வண்டியை எடுத்தார். வளைவுக்கு வளைவு எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். அவரவர் இறங்க வேண்டிய இடத்தை அவரவரே கூவிச் சொன்னார்கள், இன்ன லயன் வீடு, இன்ன கடை, இன்ன கோயில் என்று. யாரும் இறங்கவில்லை. நான் கீழே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், எது எப்போது என்று எனக்கே தெரியவில்லை. அந்த நாடகத்தை நீ எழுதியபடி முடிக்கவே இல்லை. எழுதியது கெட்டுப்போனதே என்று உனக்குத் துளி வருத்தம் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், "அப்பா, நாளைக்கும் வாங்க, ஆனா நாளைக்கு வேற எடத்துல சத்தம் போடுங்க" என்று அவரோடு பேரம் பேசிக்கொண்டு வந்தாய். தப்பு நடந்தால் யார் மேல் பழி போடலாம் என்று தேடுகிற உலகத்தில், அதற்கு நாற்காலி போட்டு உட்கார வைக்கிற பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஒருவன் "வந்துடறேன் மாமா" என்றால் அம்மாவுக்குத் தூக்கம் வருமா? நேற்று ஓலை வாசித்து முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் அப்படியே தூத்துக்குடி பஸ் ஏறிவிட்டோம். ஆமாம், உன்னிடம் சொல்லாமல்தான். சொன்னால் நீ தடுத்திருப்பாய்.

சம்பந்தி வீட்டில் வாசலுக்கே வந்து வரவேற்றார்கள். உன் மாமா நல்ல மனுஷன். குடித்த டீ ஆறுவதற்குள் நான் கேட்டுவிட்டேன், "அண்ணாச்சி, எம் மகன் செய்யுத வேலை ஒங்களுக்குப் பிடிக்கலையா?" அவர் திகைத்துப்போனார்.

"சம்பந்தியம்மா, என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நான் நேராவே கேட்டேன், என்ன செய்யுதீங்க மாப்ளன்னு. 'சும்மா நாடகம்தான் மாமா, வேற ஒண்ணும் பெருசா இல்ல'ன்னாரு. வீட்டுக்கு வரப்போற புள்ள சும்மா இருக்கேன்னு சொன்னா நான் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? பாவம், வேலை அமையாத வருத்தத்துல சொல்லுதாருன்னு நெனச்சேன். அதான் நாற்காலியத் தொடச்சுப் போட்டேன். கூப்புட்டதும் சந்தோஷமா சரின்னுட்டாரே!"

கேட்டாயா? அவர் உன்னை நாடகத்திலிருந்து பிடுங்கப் பார்க்கவில்லை. பள்ளத்தில் விழுந்தவனைத் தூக்கிவிடுவதாக நினைத்துக் கையை நீட்டியிருக்கிறார். பள்ளம் நீ தோண்டியது. பெரியவர்கள் முன்னால் அடக்கமாக இருக்க வேண்டும் என்று நீ சொன்ன "சும்மா"வை அவர் அப்படியே நம்பிவிட்டார். அவர் நீட்டிய கையைத் தட்டினால் மரியாதை இல்லை என்று நீயும் அதைப் பிடித்துக்கொண்டாய். இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு என் பிள்ளையின் வாழ்க்கையைத் தூக்கி ஹார்பரில் போட இருந்தீர்கள். மகனே, அந்த வார்த்தையைப் பற்றி ஆஸ்பத்திரியில் இருக்கிற என்னிடம் கேள். குடல்வால் வெடிக்கப் போகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சும்மா லேசா வலிக்கி சிஸ்டர்" என்பார்கள். எங்கள் வார்டில் சும்மா என்று சொன்னவர்களைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு தியேட்டருக்கு ஓடியிருக்கிறோம்.

உன் மாமா விடவில்லை. "அப்ப நீங்களே சொல்லுங்க, மாப்ள என்னதான் வேலை செய்யுதாரு?" என்றார். இத்தனை பக்கம் எழுதுகிறவளுக்கு அங்கே ஒரு வரி கிடைக்கவில்லை. ஜெனிட்டாவும் குசினி வாசலில் வந்து நின்று என் முகத்தையே பார்க்கிறாள். அப்போது உன் அப்பா எழுந்தார். அவர்கள் வீட்டு ஹாலில் கிடந்த நாற்காலிகளை இரண்டு இரண்டாக இழுத்துப் போட்டார். முன்னால் ஒன்றில் தான் உட்கார்ந்து, திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி, ஏறுங்க, மாஞ்சோல வண்டி" என்றார். உன் மாமா என்னைப் பார்க்கிறார். நான் என்ன செய்ய, நானும் ஏறி உட்கார்ந்தேன். ஜெனிட்டா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து பின்சீட்டைப் பிடித்தாள். கடைசியில் அவரும் ஏறினார். அப்பா மணிமுத்தாற்றிலிருந்து வண்டியை எடுத்தார். நான்காவது வளைவில் உன் மாமா தன்னை அறியாமல் ஜன்னல் பக்கம் சாய்ந்தார். ஆறாவதில் எதிரே வருகிற லாரியைப் பார்த்து, "அண்ணாச்சி, பைய, பைய!" என்று கத்தினார். அவர் வீட்டு ஹாலில், மத்தியான வெயிலில், லாரி எங்கிருந்து வரும்?

இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத மாப்ள உண்டாக்குனாரா?" என்றார். ஆமாம் என்றேன். "இத வச்சிக்கிட்டா சும்மான்னாரு?" என்றார். அப்புறம் ரொம்ப நிதானமாக ஒன்று சொன்னார். "சம்பந்தியம்மா, எனக்கு இதெல்லாம் தெரியாது. எம் மக நாளைக்குச் சிரமப்படக் கூடாதுன்னு மட்டும்தான் தெரியும். நாற்காலி அங்கனதான் இருக்கும், யாருக்கும் குடுக்க மாட்டேன். அவருக்கு நெசமாவே வேணும்னா வரட்டும். எனக்காக வர வேண்டாம்."

அந்த மனுஷனின் பயம் நியாயமானது. எனக்கும் அது உண்டு. உன் குழுவுக்கு வேலை வராத மாதங்களில் நீ போனில் கூடுதலாகச் சிரிப்பாய், அது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. கல்யாணம் ஆன பிறகு அந்த மாதங்கள் இரண்டு பேருடையவை. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு நாடகத்திலேயே இரு என்று நான் சொல்லவில்லை. ஹார்பர் வேலை நல்ல வேலை. அங்கே போனாலும் நீ நாலு பேரைப் பார்த்துச் சிரிக்க வைத்துக்கொண்டுதான் இருப்பாய். போக வேண்டும் என்று மனசு சொன்னால் போ, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆனால் மரியாதைக்காகப் போகாதே, ஒரு வார்த்தை தவறி விழுந்துவிட்டது என்பதற்காகப் போகாதே. எதுவானாலும் ஜெனிட்டாவிடம் கலந்து பேசு. அவளிடம் நடிக்காதே, அவள் உதட்டசைவைப் படிக்கிற பிள்ளைகளுக்கு டீச்சர்.

இந்த இடத்தில் முடித்துக் கையெழுத்துப் போடலாம் என்று இருந்தேன். அதற்குள் அச்சகத்து அண்ணாச்சியிடமிருந்து போன். கல்யாணப் பத்திரிகை தயாராம், வெள்ளிக்கிழமை மெஷினில் ஏற்றுகிறார்களாம். ஜெனிட்டா பெயருக்குக் கீழே அவள் படிப்பும் வேலையும் ஏறிவிட்டன. உன் பெயருக்குக் கீழே மட்டும் காலியாகக் கிடக்கிறது. உன் மாமாவிடம் கேட்டதற்கு, அதை மாப்பிள்ளையே சொல்லட்டும் என்றுவிட்டாராம். நானும் அதையேதான் சொன்னேன். அப்போது அச்சகத்து அண்ணாச்சி தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னார். காலையில் ஜெனிட்டாவே உன் வரியைப் பற்றிப் போன் போட்டதாம். "அவங்க என்ன சொல்லுதாங்களோ அத அப்படியே போடுங்க அண்ணாச்சி. ஒண்ணும் சொல்லாம சும்மா விட்டுட்டாங்கன்னா, பக்கத்துல இருக்க என் பேரையும் எடுத்துருங்க" என்றதாம். பிள்ளை விளையாட்டுக்குச் சொல்லுது போல என்று அவர் சிரித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடிதம் கைக்குக் கிடைத்ததும் முதலில் அவளுக்குப் போன் போடு.

உன் அம்மா